உழைச்செல்வாள்

நம் நாட்டுத் தமிழ் மக்களிடையே, ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் அவர் பெயரால் ஒரு சிறு நூலை வெளியிடும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. யாழ்ப்பாணத்தார் அதனைக் கல்வெட்டு என்பர். நினைவு மலர் என்பாரும் உளர். சைவர் இல்லங்களில் அது தேவார திருவாசகங்களோடும், கிறிஸ்தவர் இல்லங்களில் சங்கீதங்களோடும் ஞானப் பாட்டுக்களோடும் வெளிவரும். இடையில் மறைந்தவரின் வாழ்க்கை வரலாறு இரண்டொரு பக்கங்களில் அமையும். கல்லில் வெட்டப்படாவிடினும் கல்வெட்டு என்னும் பெயர் பெற்ற இச் சிறு நூல்களே, அரசரும் அமைச்சரும் அல்லாத எளிய மாந்தருக்கு நாம் எழுதி வைக்கும் சரித்திரம். பெரும்பாலார்க்கு இதுவன்றி வேறு சரித்திரம் இல்லை. ஆதலின், அவற்றில் எதனை எழுதுகின்றோம், எதனை விடுகின்றோம் என்பது சிறிய காரியமன்று.

ஆடவர் ஒருவர் மறைந்தால் அவர் வகித்த பதவி, பெற்ற பட்டம், மாற்றலாகிச் சென்ற ஊர்கள், இளைப்பாறிய நாள் யாவும் ஆண்டுக் கணக்கோடு எழுதப்படுகின்றன. பெண்மணி ஒருவர் மறைந்தால் மூன்று அடைமொழிகள் எழுதப்படுகின்றன: அன்பு மனைவி, பாசமிகு தாய், பக்தியிற் சிறந்தவர். இம் மூன்றும் பொய்யல்ல. ஆயினும் எல்லார்க்கும் பொருந்துவது ஒருவரையும் காட்டாது. இல்லத்தோடு நின்ற பெண்மணியின் வரலாற்றை இவ்வாறு முடிப்பதே குறை. தொழில் கற்று, தேர்வு எழுதி, முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒரு தாதியின் வரலாற்றை இவ்வாறு முடிப்பது பெருங்குறை.

தமிழ் கற்பிப்பவன் என்ற காரணத்தால், இத்தகைய மலர்களுக்குச் சரமகவி பாடித் தருமாறும், எழுதிய வரலாற்றைத் திருத்தித் தருமாறும் அன்பர் பலர் என்பால் வருவதுண்டு. சில காலத்தின் முன், வெள்ளவத்தையில் மறைந்த ஓர் அம்மையாரின் மக்கள் ஒரு குறிப்பைக் கொண்டுவந்தனர். கொட்டாஞ்சேனையிற் பிறந்து, மணமான பின் வெள்ளவத்தையிற் குடியேறி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசினர் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர் அவர். குறிப்பில் அவருடைய கணவர் பற்றி ஒரு பத்தி. மக்கள், மருமக்கள், பேரர் பற்றி இரண்டு பத்தி. ஞாயிறு தவறாது ஆலயம் சென்றமை பற்றி ஒரு பத்தி. தொழிலுக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: சேவை மனப்பான்மையோடு பணியாற்றினார் என்பது. எந்த விடுதியிற் பணியாற்றினார், எதிலே தேர்ந்தவர், யாருக்குக் கற்பித்தார் என்று யான் வினவினேன். மக்கள் ஒருவரையொருவர் நோக்கினர். மகள் மட்டும், "நத்தார் இரவுகளில் அம்மா வீட்டில் இருந்தது குறைவு, ஐயா; அதை எழுத வேண்டாம்" என்றார்.

அந்த மக்களை யான் குறை கூறேன். தாயிடத்து அவர்கட்கு அன்பு மிகுதி. குறை நம் மொழி வழக்கிலும் நம் மதிப்பீட்டிலும் உள்ளது. அதனை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் குழப்பம்

ஆங்கிலத்தில் நர்ஸ் எனப்படுபவரை இலங்கைத் தமிழர் தாதி என்கின்றோம். தமிழ்நாட்டார் செவிலியர் என்கின்றனர். நோயாளர் வாயில் வழங்குவதோ மிஸ்ஸி என்பது. வடமொழியில் தாத்ரீ என்பவள் பாலூட்டி வளர்ப்பவள். தாஸீ என்பவள் ஏவல் செய்பவள். தமிழில் இவ்விரண்டும் தாதி என்ற ஓருருவில் நின்று மயங்குகின்றன. ஆகவே அச் சொல்லைக் கேட்கும்போதே தாய்மையும் ஏவற்பணியும் நம் நினைவில் எழுகின்றன, கல்வி எழுவதில்லை. செவிலி என்னும் பழந்தமிழ்ச் சொல் மாண்புடையது. அகப்பொருள் இலக்கியத்தில் தலைவியை வளர்த்தவளும் தோழியை ஈன்றவளும் ஆகிய செவிலித்தாய்க்குத் தனி இடமுண்டு. எனினும் அதுவும் வளர்ப்புத் தாயையே சுட்டும். ஆங்கிலச் சொல்லும் இலத்தீன் மொழியில் ஊட்டி வளர்ப்பவளைக் குறித்த சொல்லினின்று பிறந்ததே. உலகம் முழுவதும் இத் தொழிலைத் தாய்மையின் நிழலாகவே கண்டிருக்கின்றது போலும்.

ஆனால் திருவள்ளுவர் அவ்வாறு காணவில்லை. மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் பக்கத்தே இருந்து மருந்தை முறைப்படி இயற்றுபவன் என்பன அந் நான்கு. இந் நான்காமவனை அவர் உழைச்செல்வான் என்கின்றார். மருத்துவனுக்கு ஏவலாளனாக அன்றி, மருத்துவனோடு ஒருங்கு எண்ணப்படும் ஓர் உறுப்பாக அவனை வைத்தமை நோக்கத்தக்கது. வடமொழி ஆயுள்வேத நூலாகிய சரகமும் இவ்வாறே நான்கு கால்களைக் கூறும். நான்கு காலிலொன்று முறிந்தால் கட்டில் நில்லாது.

பரிமேலழகர் இவ்விடத்தில் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். உழைச்செல்வானுக்கு வேண்டிய குணங்களை அவர் நான்கென வகுக்கின்றார். நோயாளியிடத்து அன்பு ஒன்று, மனம், மொழி, மெய் என்பவற்றின் தூய்மை ஒன்று, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை ஒன்று, அறிவு ஒன்று. நம் நினைவு மலர்களை எடுத்து இவ் உரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலிரண்டு குணங்களை நாம் பக்கம் பக்கமாகப் புகழ்கின்றோம். பின்னிரண்டாகிய வன்மையையும் அறிவையும் அடியோடு விட்டுவிடுகின்றோம். எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட உரையாசிரியர் கண்ட தாதியை, மருத்துவமனை நிறைந்த கொழும்பு மாநகரில் வாழும் நாம் காணவில்லை.

கிறிஸ்தவ அன்பர்களும் தங்கள் திருமறையில் இதற்குச் சான்று காணலாம். இயேசுநாதர் கூறிய நல்ல சமாரியன் கதை, இரக்கம் கொண்டான் என்பதோடு நின்றுவிடவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தது, கட்டியது, தன் வாகனத்தில் ஏற்றியது, சத்திரத்திற் சேர்த்துப் பராமரித்தது, மறுநாள் செலவுக்குப் பணம் கொடுத்தது, மிகுதியைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னது என ஒவ்வொரு செயலும் வரிசையாகச் சொல்லப்படுகின்றது. செய்த வேலைகளின் பட்டியலே அங்கே இரக்கத்தின் இலக்கணம். விசுவாசியான ஒரு தாதியைப் போற்ற விரும்புவோர் அக் கதை சொல்லும் முறையையே பின்பற்றலாம்.

விளக்கும் கணக்கும்

புகழ்ச்சி ஒருவரை மறைத்துவிடும் என்பதற்குப் பேரெடுத்துக்காட்டு புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். 1820-இல் பிறந்து 1910-இல் மறைந்த அவரை உலகம் விளக்கேந்திய பெருமாட்டி என்றே அறியும். கிரிமியப் போரின்போது 1854-இல் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்று, இரவில் விளக்குடன் போர்வீரரின் படுக்கைகளிடையே நடந்த காட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் இறப்புக் கணக்குகளைத் திரட்டி, படைவீரர் பலர் புண்ணால் அன்றி அழுக்காலும் தொற்று நோயாலுமே மாண்டனர் என்பதை வரைபடம் வரைந்து அரசினர்க்கு மெய்ப்பித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1858-இல் இலண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றது. 1860-இல் இலண்டன் தூய தோமையார் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தோன்றியது. விளக்கை நினைத்தோம், கணக்கை மறந்தோம். உயிர்களைக் காத்ததில் கணக்குக்கே பங்கு மிகுதி.

நைற்றிங்கேல் அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. அவர் வழியில் வளர்ந்த தாதித் தொழிலும் நெடுங்காலம் கன்னியர்க்கே உரியதாயிருந்தது. மணமான பெண் தாதியாக நீடித்தல் ஆகாது என்னும் விதி மேல்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலவிற்று. ஆகவே தாதி, மனைவி, தாய், விசுவாசி என்னும் நான்கு பெயர்களையும் ஒரே மூச்சிற் சொல்லுவது நமக்கு எளிது. அவற்றை ஒரே உடலிற் சுமந்தவர்க்கு எளிதாயிருக்கவில்லை. இதற்கு நம் கொழும்பு மாநகரிலேயே ஓர் உயர்ந்த சான்று உண்டு.

மேரி இரத்தினம் அம்மையார்

மேரி எலன் இர்வின் என்னும் இயற்பெயருடைய அவ்வம்மையார் 1873-இல் கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்தவர். தாதியல்லர், மருத்துவர். பெண்கள் மருத்துவம் கற்பதே அரிதாயிருந்த அக்காலத்தில் டொரன்ரோ நகரில் மருத்துவம் பயின்று தேறினார். யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கென அமைந்த மிஷன் மருத்துவமனைக்காக அமெரிக்க மிஷன் சங்கத்தார் அவரைத் தெரிந்தெடுத்தனர். இலங்கைக்கு வரும் வழியில் எஸ். சீ. கே. இரத்தினம் என்னும் தமிழ்க் கிறிஸ்தவரைச் சந்தித்தார். இருவரும் கருத்தொருமித்தனர், மணம் செய்துகொண்டனர்.

அங்கேதான் சோதனை தொடங்கியது. தமிழரை மணந்த வெள்ளைப் பெண்ணுக்கு மிஷனில் இடமில்லாது போயிற்று. கடவுளின் முன் எல்லாரும் ஒன்றே எனப் போதிக்கவென்று கடல் கடந்து வந்த சபையினர், அப் போதனையைத் தன் வாழ்விற் கைக்கொண்ட பெண்ணை ஏற்கவில்லை. மனைவி என்னும் பெயர் மருத்துவர் என்னும் பதவியை விழுங்கிற்று. அதுவும் விசுவாசத்தின் பெயராலேயே நிகழ்ந்தது. நாம் மலர்களில் காற்புள்ளியிட்டு அடுக்கி எழுதும் சொற்கள் வாழ்க்கையில் ஒன்றோடொன்று மோதிய விதம் இது.

அம்மையார் கனடாவுக்குத் திரும்பவில்லை, சமயத்தையும் விடவில்லை, தொழிலையும் விடவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் மருத்துவமனையிற் சில காலம் பணிபுரிந்தார். பின்னர்த் தம் பொறுப்பிலேயே மருத்துவம் செய்யலானார். மக்களைப் பெற்று வளர்த்தார். ஒரு மருத்துவமனைக் கதவு மூடப்பட்டமையால் நாடெங்கும் உள்ள பெண்களின் வீட்டுக் கதவுகள் அவருக்குத் திறந்தன எனலாம்.

அவர் செய்த பணிகளுள் சிலவற்றை மட்டும் சொல்லுவேன். 1909-இல் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் தோன்றுதற்குக் காரணராயிருந்தோருள் அவர் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி 1927-இல் எழுந்த மாதர் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். டொனமூர் ஆணைக்குழுவின் பின், 1931-ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்நாட்டுப் பெண்கள் ஆடவரோடு ஒப்ப வாக்களித்தனர். மறு ஆண்டாகிய 1932-இல், கொட்டாஞ்சேனைப் பக்கத்தைச் சார்ந்த கொழும்பு வடக்குத் தொகுதி நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணியை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1937-இல் மேரி அம்மையாரே கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணானார். விதிமுறை பற்றிய ஒரு காரணத்தால் அப் பதவி விரைவில் அவரை விட்டகன்றது. அவர் பணி அகலவில்லை.

இவற்றினும் சிறந்ததாக யான் கருதுவது, அவர் தம் அறிவைப் பிறர் கையிற் கொடுத்த முறை. பள்ளிகளில் சுகாதாரம் கற்பிப்பதற்குரிய நூல்களை எழுதினார். மாணவியர்க்கு உடல்நலம் பற்றி, பிறர் வாய்திறக்கக் கூசிய காலத்தில் விரிவுரை செய்தார். 1930-இல் இலங்கை மகிளா சமிதியைத் தோற்றுவித்தார். கனடாவில் 1897-இல் தோன்றிய கிராமியப் பெண்கள் நிலையங்கள் அதற்கு ஒரு முன்மாதிரி. கிராமத்துப் பெண்கள் கூடியிருந்து குழந்தை வளர்ப்பு, உணவு, துப்புரவு, கைத்தொழில் என்பவற்றைக் கற்றனர். வைத்தியர் வந்து சேராத குடிசையிலும் உழைச்செல்வாள் ஒருத்தி இருத்தல் வேண்டும் என்பதே அவ் வியக்கத்தின் உட்கருத்து என யான் கொள்வேன்.

1958-இல் ரமன் மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, பொதுப்பணிக்குரிய விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வினோபா பாவே அவர்களும் வேறொரு பிரிவில் அவ் விருதைப் பெற்றார். அவ்வாண்டிலேயே இந்நாடு இனக்கலவரத் தீயில் வெந்தது. தமிழரை மணந்து, சிங்களக் கிராமங்களிலும் தம் இயக்கத்தை வளர்த்த அம்மூதாட்டியின் உள்ளம் அப்போது என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1962-இல் அவர் மறைந்தார். இன்று கொழும்புத் தமிழ் மாணவரிடம் அவர் பெயரைக் கேட்டால் அறிந்தவர் மிகச் சிலரே. மணந்த இனத்தாரே அவரை மறந்தது நமக்குப் பெருமையன்று.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஓர் அன்பர் தடை எழுப்பக்கூடும். "தாதித் தொழிலின் உயிர் அன்பு அன்றோ? அறிவு, தேர்ச்சி, பதவி, சம்பளம் என்று பேசத் தொடங்கினால் சேவையின் தூய்மை குன்றாதோ?" என்பார் அவர்.

குன்றாது என்பதே என் துணிபு. முன்னர்க் குறித்த வெள்ளவத்தை அம்மையாரின் நினைவுக் கூட்டத்துக்கு அவருடன் பணிபுரிந்த சிங்களத் தாதி ஒருவர் வந்திருந்தார், அவரும் இளைப்பாறியவர். மக்கள் அறியாத தாயை அவர் அறிந்திருந்தார். எழ இயலாத நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப்புண் வராமற் காப்பதில் அம்மையார் எத்துணைக் கண்டிப்பானவர் என்றார். புதிதாக வந்த பெண்கள் இரவு மூன்று மணிக்குக் கண்ணயர்ந்தால், வைதல் செய்யாது எழுப்பித் தம்மோடு நாடி பார்க்க அழைத்துச் செல்வாராம். மருந்தின் அளவை எழுதிய கடதாசியில் ஐயம் தோன்றினால், வைத்தியர் எவ்வளவு பெரியவராயினும் மறுபடி கேட்டுத் தெளியாமல் ஊசி போடமாட்டாராம். தமிழ் மட்டும் தெரிந்த முதியவள் ஒருத்தி எந்த விடுதியிற் கிடந்து அழுதாலும், எங்கே நோகின்றது என்று கேட்டறிய அவரையே அழைப்பார்களாம். "அந்த இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களை எனக்கும் கற்றுத் தந்தார், அவற்றைக் கொண்டே நான் வேலையை முடித்தேன்" என்று கூறி அவ்வம்மையார் கண்கலங்கினார்.

அன்பு இல்லாமல் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது. ஆயினும் அன்பு மாத்திரம் படுக்கைப்புண்ணைத் தடுக்காது. அளவு தவறிய மருந்தைக் கண்டுபிடிக்காது. வன்மையும் அறிவும் சேர்ந்தபோதே அன்பு நோயாளியைச் சென்றடைந்தது.

இன்னொன்றும் உண்டு. ஒரு தொழிலை முற்றும் தியாகம் என்று சொல்லிவிட்டால், அதற்கு உரிய ஊதியம் கொடுக்கவும், உரிய ஓய்வு கொடுக்கவும் நாம் கடமைப்பட்டவரல்லேம் என்ற எண்ணம் மெல்ல வந்துவிடும். தெய்வத்துக்குச் சம்பளம் எதற்கு? 2020-இல் பெருந்தொற்று பரவியபோது உலகெங்கும் மக்கள் வாயிலில் நின்று தாதியர்க்காகக் கைதட்டினர். அவ்வாண்டையே உலகச் சுகாதார நிறுவனம் தாதியர், மருத்துவிச்சியர் ஆண்டாக முன்னரே குறித்திருந்தது. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் மருத்துவமனைகளிலிருந்து வைத்தியரும் தாதியரும் பலர் கடல் கடந்து சென்றனர். கைதட்டல் அவர்களுடைய வீட்டு அடுப்பை எரிக்கவில்லை. அவர்களைத் தியாகம் மறந்தவர் என்று குறை கூற நமக்கு உரிமையில்லை.

மேலும், முழுத் தியாகம் என்னும் புகழ்ச்சி குடும்பத்தார் கொடுத்த விலையையும் மறைக்கின்றது. நத்தார் இரவில் தாய் வீட்டில் இல்லை என்பதை மகள் ஒளிக்க விரும்பினார். யானோ, அவ் வரலாற்றில் முதலில் எழுத வேண்டிய செய்தி அதுவே என்றேன். திருப்பலி மணி ஒலிக்கும் வேளையில் பிறர் பிள்ளையின் காய்ச்சலைக் கணித்துக்கொண்டிருந்தார் ஒரு விசுவாசி. வீட்டில் சோறு வடித்துப் பிள்ளைகளுக்கு உடை அணிவித்து ஆலயம் அழைத்துச் சென்றார் அவர் கணவர். தாயில்லாத பண்டிகையைப் பொறுத்துக்கொண்டனர் மக்கள். இதில் ஒளிக்க வேண்டியது யாது? அன்பு மனைவி, பாசமிகு தாய் என்னும் வெறுஞ் சொற்களுக்கு இந்த ஓர் இரவு பொருள் தருகின்றது. மகள் நெடுநேரம் பேசாதிருந்தார். பின் அதனைத் தம் கையாலேயே எழுதித் தந்தார்.

செய்ய வேண்டுவது

குறை கூறுதல் எளிது. ஆசிரியன் என்ற முறையில் வழியும் கூற வேண்டும்.

முதலாவதாக, சொல் பற்றியது. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மாணவர்க்கு மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என்பவற்றைத் தமிழ் நூல்களாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மருத்துவக் கல்வியைத் தாங்கிய மொழிக்கு, தாதியரின் கல்வியைத் தாங்கும் சொல்வளம் இல்லாமற் போகாது. தாதி என்னும் வழக்குச் சொல்லை மாற்றவேண்டும் என்று யான் வாதிடவில்லை. மக்கள் நாவில் ஊறிய சொல்லைப் பண்டிதர் கட்டளையால் அகற்ற முடியாது. அச் சொல்லைக் கேட்கும்போது உழைச்செல்வாரின் நான்கு குணங்களும் நினைவுக்கு வருமாறு நாம் எழுதுதல் வேண்டும். சொல்லுக்குப் பொருள் அகராதியில் மட்டும் பிறப்பதன்று. எழுதும் முறையிலும் பிறக்கும்.

இரண்டாவதாக, நினைவு மலர் எழுதுவோர் உடன் பணியாற்றியவர்களிடம் சென்று கேட்டல் வேண்டும். எங்கே கற்றார், எதிலே வல்லவர், யாருக்குக் கற்றுக்கொடுத்தார், எதனை இழந்து இதனைச் செய்தார் என்னும் நான்கு வினாக்கள் போதும். இவற்றுக்கு விடை கிடைத்தால் அடைமொழிகள் தாமே பொருள் பெறும்.

மூன்றாவதாக, ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். வாழ்க்கை வரலாறு எழுதுக என்றால் நம் மாணவர் இறந்த தலைவர்களையே எழுதுகின்றனர். அதுவும் நூலிலிருந்து பெயர்த்து. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இளைப்பாறிய தாதியர் எத்தனையோ பேர் இன்றும் உயிரோடு உள்ளனர். மாணவர் அவர்களிடம் சென்று, கேட்டு, எழுதட்டும். இறந்த பின் முப்பத்தோராம் நாளில் அவசரமாகத் தேடும் செய்திகள், அவர்கள் இருக்கும்போதே அவர்கள் வாயாற் கிடைக்கும். இவ் வருடம் என் மேல்வகுப்பு மாணவர்க்கு இதனையே கட்டுரைப் பணியாகக் கொடுத்துள்ளேன். பிற பள்ளிகளின் தமிழாசிரியர்களும் இதனைச் செய்வார்களாயின், சில ஆண்டுகளில் இந் நகரத்துப் பெண்களின் உழைப்பைப் பற்றிய ஒரு நல்ல ஏடு நம் கைக்கு வந்து சேரும்.